வயிறு கெட்டால்: காவிரிக் கரை வீடுகளின் கைமருந்தும் அதன் எல்லையும்

வயிறு சரியில்லை என்று ஒருவர் சொன்னவுடன் ஓமத்தண்ணீரை நீட்டுவது தஞ்சை வட்டாரத்து வீடுகளில் இன்றும் நடக்கிறது. ஓமம் நல்ல மருந்துதான், ஆனால் எல்லா வயிற்றுக்கும் உரிய மருந்தன்று. உப்புசத்தைத் தணிப்பது நெஞ்செரிச்சலைக் கூட்டலாம்; பசியைத் தூண்டுவது கழிச்சலின்போது குடலை மேலும் வருத்தலாம்; கழிச்சலைக் கட்டுவது, சில வேளைகளில், வெளியேற வேண்டிய கிருமியை உள்ளேயே தங்க வைத்துவிடலாம். ஆகவே கைமருந்து செய்ய முனைபவர் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன் என்ன சாப்பிட்டார், எப்போது தொடங்கியது, வலி எந்த இடத்தில் இருக்கிறது, மலம் எப்படிப் போகிறது என்று கேட்டறிய வேண்டும்.

ஆடிப்பெருக்கன்று ஆற்றங்கரையில் புளியோதரையும் தேங்காய்ச் சாதமும் சர்க்கரைப் பொங்கலும் அளவு மீறிச் சாப்பிட்டு, மாலையில் வயிறு கல்லாகக் கனத்து, புளித்த ஏப்பம் வந்தால் அது மந்தம். வயிறு ஊதிக் காற்றுப் பிரியாமல் இருந்தால் உப்புசம். நெஞ்சுக்குழியிலிருந்து தொண்டை வரை எரிந்து, படுத்தால் அதிகமானால் அது இரைப்பை அமிலம் மேலேறுவதால் வரும் எரிச்சல். கல்யாணப் பந்தியிலிருந்து பொட்டலம் கட்டி வந்த சோற்றைச் சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே வாந்தி எடுத்தால், அது பெரும்பாலும் உணவு நஞ்சாகியதன் விளைவு. சோறு வெந்த பிறகும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் சாகாமல் இருக்கும். சோறு வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் கிடந்தால் அவை பெருகி நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் அழியாது. தண்ணீராகப் போகும் கழிச்சல் வேறு. சளியும் இரத்தமும் கலந்து கடுப்போடு போகும் சீதபேதி வேறு. இவற்றுள் மந்தம், உப்புசம், குமட்டல், லேசான கழிச்சல் ஆகியவற்றுக்கு வீட்டில் மருந்து உண்டு. சீதபேதிக்குக் கைமருந்து போதாது. மருத்துவரே பார்க்க வேண்டும்.

டெல்டாவில் வயிற்றுக் கோளாறு மிகும் காலம் பெரும்பாலும் தண்ணீரை ஒட்டியது. மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். புதுத் தண்ணீர் வாய்க்கால்களில் அழுக்கையெல்லாம் அரித்துக்கொண்டு வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலும் தெருவும் ஒன்றாகி, கிணற்றுக்குள்ளும் அடிகுழாயைச் சுற்றியும் வெள்ளம் நிற்கும். அந்த நாள்களில் குடிநீரைக் குமிழி பொங்கக் கொதிக்கவிட்டு, அதன் பிறகு குறைந்தது 1 நிமிடமாவது கொதியில் வைத்து, மூடி ஆறவைத்துக் குடிக்க வேண்டும். ஆவி வந்தவுடன் இறக்கிவிடும் வெந்நீர் கொதித்த நீராகாது.

முதல் மருந்து உப்பும் நீரும்

கழிச்சல் தொடங்கியதும் அதை எப்படி நிறுத்துவது என்றே வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள். இழந்ததை எப்படி ஈடுகட்டுவது என்பதே முதலில் கேட்க வேண்டியது. கழிச்சலில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நீரிழப்புதான். 1971இல் வங்காளதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்காளத்துப் போங்கானில் இருந்த அகதி முகாமில் வாந்திபேதி என்னும் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகாலனபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய்வழியாகக் கொடுக்கச் செய்தார். சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. குடற்சுவரில் உப்பும் சர்க்கரையும் சேர்ந்தே உள்ளே இழுக்கப்படுகின்றன. அவற்றைத் தொடர்ந்து நீரும் போகிறது. கழிச்சல் கடுமையாக இருக்கும்போதும் இந்த வழி அடைபடுவதில்லை. வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிப்பதைவிடச் சிறிது உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் உடலில் தங்குவது இதனால்தான்.

மருந்துக் கடையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைப் பொட்டலமே சிறந்தது, ஏனெனில் அதில் பொட்டாசியமும் அளவாகச் சேர்ந்திருக்கிறது. 1 லிட்டருக்கான பொட்டலமும் 200 மில்லிலிட்டருக்கான பொட்டலமும் தனித்தனியே விற்கப்படுவதால், உறையில் எழுதியிருக்கும் அளவைப் படித்துவிட்டு அந்த அளவு நீரில் முழுவதையும் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவில் கரைப்பது தவறு. அட்டைப் பெட்டியில் பழச்சுவையோடு விற்கப்படும் சர்க்கரைப் பானங்கள் இதற்கு ஈடாகா. அவற்றில் மிகுந்திருக்கும் சர்க்கரை கழிச்சலைக் கூட்டவும் செய்யும்.

பொட்டலம் கிடைக்காத இரவில், கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையையும் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பையும் கலக்க வேண்டும். தேக்கரண்டி என்பது 5 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு கரண்டி. குழம்புக் கரண்டியால் அளந்தால் உப்பு மிகுந்து ஆபத்தாகும். கலக்கிய பின் சுவைத்துப் பார்த்தால் கண்ணீரைவிடக் கரிப்பாக இருக்கக் கூடாது. கலந்த நீரை மூடி வைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். இளநீரைத் துணைக்குக் கொடுக்கலாம். அதில் பொட்டாசியம் நிறைய உண்டு, ஆனால் சோடியம் குறைவு. ஆகவே இளநீரை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அதைக் கொடுப்பதே தவறு.

கஞ்சி

உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியைவிடச் சிறந்த கைமருந்தை இந்த நெல் விளையும் நாடு வேறு எதையும் தந்துவிடவில்லை என்று உறுதியாகச் சொல்வேன். அரிசி மாவு குடலில் மெல்லக் கரைந்து குளுக்கோசாக மாறுகிறது, அதனால் ஓ.ஆர்.எஸ். செய்யும் அதே வேலையைக் கஞ்சியும் செய்கிறது, கூடவே சிறிது உணவாகவும் ஆகிறது. வாந்திபேதிக்கு அரிசியை அடிப்படையாகக் கொண்ட கரைசல் நன்கு பயன்படுவதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

புழுங்கலரிசி நொய் இதற்கு ஏற்றது. 50 கிராம் அளவுள்ள ஒரு கைப்பிடி நொய்யை வெறும் வாணலியில் வாசனை வரும் வரை, நிறம் மாறாமல், வறுத்துக் கழுவிக்கொள்ள வேண்டும். வேகும்போது நீர் வற்றும் என்பதால் ஒன்றேகால் லிட்டர் நீரில் போட்டு, சிறு தீயில், பருக்கை விரலுக்கிடையில் மாவாகும் வரை குழைய வேகவிட்டு, இறக்கும்போது 1 லிட்டர் அளவு இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அரைத் தேக்கரண்டி உப்பு போதும். விரும்பினால் வேகும்போதே ஒரு சிட்டிகை சீரகம் சேர்க்கலாம். நெய், பால், தேங்காய்ப்பால் எதுவும் முதல் நாள் வேண்டாம். நோயாளியால் விழுங்க முடியாவிட்டால் மேலே தெளிந்து நிற்பதை மட்டும் வடித்து, வெதுவெதுப்பாகக் கொடுக்கலாம். கஞ்சியை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை புதிதாக வைப்பதே நல்லது, ஏனெனில் முன்பு சொன்ன சோற்றுக் கிருமிக்குக் கஞ்சியும் விருப்பமான இடந்தான். பழையதும் நீராகாரமும் வயிறு நன்றாக இருக்கும் நாளுக்கு உரியவை. கழிச்சல் நிற்கும் வரை அவற்றைத் தள்ளி வைக்க வேண்டும்.

வாந்தியும் இருக்கும்போது கஞ்சியோ கரைசலோ டம்ளர் டம்ளராகக் கொடுத்தால் நிற்காது. வாந்தி எடுத்த பின் 10 நிமிடம் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்து, பிறகு ஓரிரு நிமிடத்துக்கு ஒரு கரண்டி வீதம் பொறுமையாகப் புகட்ட வேண்டும். அருகில் உட்கார்ந்து இதைச் செய்ய ஒருவர் இருந்தாலே நோயாளி பாதி தேறிவிடுவார்.

மந்தம், உப்புசம், குமட்டல்

மந்தத்துக்கு முதலில் வேண்டியது ஒரு வேளைப் பட்டினி. அதன் பிறகே கஷாயம். சுண்டுவிரல் நீளமுள்ள சுக்குத் துண்டின் மேல்தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு இடித்து, அரைத் தேக்கரண்டி சீரகமும் ஒரு தேக்கரண்டி தனியாவும் சேர்த்து, இரண்டு டம்ளர் நீரில் போட்டு ஒரு டம்ளராகச் சுண்டவைக்க வேண்டும். பனங்கற்கண்டு சேர்த்து வெதுவெதுப்பாக, பாதியை ஒரு முறையும் மீதியை மூன்று மணி நேரம் கழித்தும் குடிக்கலாம். சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருப்பதை இங்கே கடைப்பிடிக்க வேண்டும்: சுக்கின் தோலும் கடுக்காயின் கொட்டையும் மருந்தில் சேரக் கூடாது. சுக்குத் தோலைச் சுரண்டுவதால் இன்னொரு நன்மையும் உண்டு. வெளுப்பாகத் தெரிவதற்காகச் சுக்கின் மேல் சுண்ணாம்பு பூசி விற்பது உண்டு. அதுவும் அந்தத் தோலோடு போய்விடும்.

குமட்டலுக்குப் பச்சை இஞ்சி நன்கு கேட்கும். இஞ்சி குமட்டலைக் குறைப்பதை, குறிப்பாகக் கர்ப்பகாலக் குமட்டலைக் குறைப்பதை, இக்காலப் பரிசோதனைகளும் உறுதிப்படுத்தியுள்ளன. தோல் சீவிய இஞ்சியைத் தட்டிப் பிழிந்த சாற்றைக் கால் மணி நேரம் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளையாக வண்டல் படியும். மேலே தெளிந்த சாற்றை மட்டும் ஒரு தேக்கரண்டி எடுத்துத் தேனோடு கலந்து நக்கிச் சாப்பிட வேண்டும். கர்ப்பிணிகள் இதையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே சாப்பிட வேண்டும். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் இஞ்சியைச் சமையலில் போடும் அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஓமத்தின் இடம் உப்புசத்தில்தான். அதன் வாசனைக்குக் காரணமான தைமால் என்னும் பொருள் குடலின் இறுக்கத்தைத் தளர்த்திக் காற்றைப் பிரியச் செய்கிறது. ஒரு தேக்கரண்டி ஓமத்தை வெறும் சட்டியில் பொரியும் வரை வறுத்து, இரண்டு டம்ளர் நீர் விட்டு ஒரு டம்ளராக வற்றவைத்து வடிகட்டி, சாப்பிட்ட பின் அரை டம்ளர் குடிக்கலாம். பெருங்காயத்தை நெய்யில் பொரித்துப் பொடித்து மோரில் கலந்து குடிப்பதும் இதே பயனைத் தரும். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பது வழக்கமாதலால், கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் உறையைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும். உப்புசத்துக்குச் சோடா உப்பையோ நுரைக்கும் பொடியையோ நாள்தோறும் பழக்கமாக்கிக்கொள்வதை நான் வன்மையாக மறுக்கிறேன். அவற்றில் உள்ள சோடியம் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் கேடு செய்யும்.

கழிச்சலுக்கு மோரும் துவர்ப்பும்

கழிச்சல் உள்ளபோது பால் செரிக்காது. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி குடற்சுவரின் மேற்பரப்பில் இருக்கிறது. அந்தப் பரப்பு புண்படும்போது நொதியும் சில நாள்களுக்குக் குறைந்துவிடுகிறது. தயிராகும்போது அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியை நுண்ணுயிர்களே தின்றுவிடுவதால் மோர் எளிதாகச் செரிக்கும். புளிக்காத தயிர் ஒரு பங்கு, கொதித்து ஆறிய நீர் நான்கு பங்கு என்று கடைந்து, வெண்ணெயை எடுத்துவிட்டு, உப்பும் கசக்கிய கறிவேப்பிலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பச்சை மிளகாய் வேண்டாம்.

மொந்தன் வாழைக்காய் இந்த வட்டாரத்தில் எளிதாகக் கிடைக்கும் நல்ல துணை. வாழைக்காயில் உள்ள செரிக்காத மாவு பெருங்குடலில் நொதித்து, அங்கே நீர் உறிஞ்சப்படுவதைக் கூட்டுகிறது. வங்காளதேசத்தில் நெடுநாள் கழிச்சலுற்ற குழந்தைகளுக்கு வேகவைத்த வாழைக்காயை உணவில் சேர்த்து நடத்திய ஆய்வுகளில் கழிச்சல் குறைந்தது. தோலோடு வேகவைத்து, உரித்து, மசித்து, உப்புக் கலந்து கஞ்சியோடு சேர்க்கலாம்.

கொய்யாக் கொழுந்தும் மாதுளை ஓடும் துவர்ப்பால் வேலை செய்பவை. ஐந்தாறு கொய்யாக் கொழுந்தைக் கழுவி ஒரு டம்ளர் நீரில் கொதிக்கவிட்டு, பாதியானதும் வடித்து, நாளுக்கு இரண்டு முறை குடிக்கலாம். காய்ந்த மாதுளை ஓட்டில் சுண்டைக்காய் அளவு எடுத்து மோர் விட்டு உரைத்துக் குடிப்பதும் வழக்கம். கடைப் பழத்தின் ஓட்டில் பூச்சிமருந்து ஒட்டியிருக்கலாம் என்பதால் நன்கு கழுவிக் காயவைத்ததையே பயன்படுத்த வேண்டும். காய்ச்சலோ இரத்தமோ இல்லாத, தண்ணீராக மட்டும் போகும் கழிச்சலில், பெரியவர்களுக்கு மட்டுமே இவை ஏற்றவை. நிறுத்தும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் போடுவதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். குழந்தைகளுக்கு அது கூடவே கூடாது.

நெஞ்செரிச்சல்

இதில் அடுப்பங்கரையின் பெரும்பாலான மருந்துகள் எதிரிகளாகிவிடும். மிளகும் சுக்கும் ஓமமும் எரிச்சலைக் கூட்டக்கூடும். வெறும் வயிற்றில் குடிக்கும் டிகிரி காப்பியை முதலில் விட வேண்டும். கும்பகோணத்தில் இருப்பவர்களுக்கு இது கடினம் என்றாலும் வேறு வழியில்லை. இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் விட்டு, கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி, இடப்புறம் ஒருக்களித்துப் படுப்பது எந்தக் கஷாயத்தையும்விட அதிகப் பயன் தரும். மணத்தக்காளிக் கீரையைப் பாசிப்பருப்போடு, காரமில்லாமல் கூட்டாக வைத்துச் சாப்பிடலாம்.

குழந்தைகளுக்கு

ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர எந்தக் கைமருந்தும் கொடுக்கக் கூடாது. கழிச்சலின்போது தாய்ப்பாலை நிறுத்துவது பெருந்தவறு. வழக்கத்தைவிட அடிக்கடி கொடுக்க வேண்டும். பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் பெற்ற வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவும் பழக்கம் நம்மிடம் ஆழ வேரூன்றியிருக்கிறது. அன்பால் செய்வது என்றாலும் அதை விட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு பாட்டியிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அதில் உள்ள அசரோன் என்னும் பொருள் நஞ்சுத்தன்மை உடையது. மேலும் உரைகல்லில் ஒட்டியிருக்கும் கிருமியும் மருந்தோடு உள்ளே போகும். ஒரு வயதுக்கு முன் தேனும் கூடாது. வயிறு உப்பி அழும் குழந்தைக்கு, பெருங்காயத்தை வெந்நீரில் குழைத்துத் தொப்புளைச் சுற்றி வெளியே பூசுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கழிச்சல் ஒவ்வொரு முறையும் போன பின், 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லிலிட்டரும், 2 முதல் 10 வயது வரை 100 முதல் 200 மில்லிலிட்டரும் ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுக்க வேண்டும். இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்குக் கழிச்சல் கண்டால் வீட்டில் வைத்துக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மருத்துவர் துத்தநாக மாத்திரை எழுதித் தந்தால், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம் வீதம், கழிச்சல் நின்ற பிறகும் விடாமல், மொத்தம் 10 முதல் 14 நாள் கொடுக்க வேண்டும். 6, 10, 14 ஆகிய வாரங்களில் போடப்படும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தைத் தவறவிடாமல் கொடுப்பது எல்லாக் கஷாயத்துக்கும் மேலான காப்பு.

மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரம்

கண் குழிவிழுதல், நாக்கு வறளுதல், ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாமை, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் அது மெதுவாகவே பழைய நிலைக்குத் திரும்புதல், எழுப்பினாலும் தூங்கி வழிதல் ஆகிய எதைக் கண்டாலும் 108ஐ அழைக்க வேண்டும். கஞ்சித் தண்ணீர் போல வெளுத்த கழிச்சல் அடுத்தடுத்துப் போனால் அது வாந்திபேதியாக இருக்கலாம். வண்டி வரும் வரையும் வழியிலும் கரைசலைப் புகட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இரத்தம், தார் போன்ற கறுப்பு மலம், இரண்டு நாளுக்கு மேல் தொடரும் காய்ச்சல் ஆகியவையும் மருத்துவருக்கு உரியவை.

தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி சில மணி நேரத்தில் வலப்புற அடிவயிற்றுக்கு இறங்கி நிலைத்தால் குடல்வால் அழற்சியாக இருக்கலாம். அப்போது விளக்கெண்ணெய் கொடுத்து வயிற்றைக் கழுவ முயன்றால் குடல்வால் வெடித்துவிடும் ஆபத்து உண்டு. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மேல்வயிற்றில் அழுத்தமும் வியர்வையும் மூச்சுத் திணறலும் சேர்ந்து வந்தால், அதை வாயு என்று சொல்லிப் பூண்டையும் பெருங்காயத்தையும் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. அது மாரடைப்பாக இருக்கலாம், அதில் கடக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத்துக்கு இழப்பு.

வயிறு தேறிய பிறகு

கழிச்சல் நின்ற நாளில் குழைந்த சோறும் மோரும், மறுநாள் பருப்பில்லாத சீரக ரசமும், அதற்கடுத்து இட்லியும் என்று படிப்படியாக ஏறலாம். பாலையும் காப்பியையும் கடைசியாகத் தொடங்க வேண்டும். நாக்கு ருசியற்றுப் பசி மந்தமாக இருந்தால் அப்போது பிரண்டைக்கு வேலை வருகிறது. திவசச் சாப்பாட்டில் பிரண்டைத் துவையலுக்கு இடம் கொடுத்தவர்கள் கனத்த உணவைச் செரிக்க வழியும் அங்கேயே வைத்தார்கள். கொடியின் நுனியில் உள்ள இளம் கணுக்களை மட்டும் ஒடித்து, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, விளிம்பு நாரை உரித்து, நல்லெண்ணெயில் நிறம் மாறும் வரை நன்கு வதக்க வேண்டும். அதிலுள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்களே நமைச்சலுக்குக் காரணம். வதக்கலும் புளியும் அந்த நமைச்சலை அடக்கும். உளுத்தம்பருப்பு, மிளகு, புளி, உப்பு சேர்த்து அரைத்தால் துவையல் தயார். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும்.

அங்காயப்பொடியும் இந்தக் கட்டத்துக்கு உரியதே. சுண்டை வற்றல் அரைக் கிண்ணம், பங்குனி சித்திரையில் உதிர்ந்ததைச் சேர்த்துக் காயவைத்த வேப்பம்பூ கால் கிண்ணம், தனியா கால் கிண்ணம், மிளகும் சீரகமும் ஒவ்வொரு மேசைக்கரண்டி, தோல் சுரண்டிய சுக்கு ஒரு துண்டு, கறிவேப்பிலை ஒரு கைப்பிடி, பெருங்காயம் சிறிது ஆகியவற்றைத் தனித்தனியே வறுக்க வேண்டும். வேப்பம்பூ சீக்கிரம் கருகும் என்பதால் அதைக் கடைசியில், அடுப்பை அணைத்த பின் சட்டியின் சூட்டிலேயே புரட்டினால் போதும். ஆறியதும் இந்துப்புச் சேர்த்துப் பொடித்து, ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் வைத்தால் இரண்டு மாதம் வரை வாசனை போகாது. சூடான சோற்றில் ஒரு தேக்கரண்டி பொடியும் சிறிது நெய்யும் பிசைந்து, பகல் சாப்பாட்டின் முதல் கவளமாகச் சாப்பிட வேண்டும்; கர்ப்பிணிகளும் நெஞ்செரிச்சல் உள்ளவர்களும் இதைத் தவிர்த்துவிடலாம்.